கட்ச் சமஸ்தானத்துச் செப்புக்காசு: எடை போட்டு, எழுத்துக் கூட்டி, களிம்பு பார்த்து

இன்றைய குஜராத்தில் இருந்த கட்ச் சமஸ்தானத்தின் தலைநகர் புஜ். அதன் அக்கசாலையில் சுத்தியலால் அடித்த செப்புக்காசு ஒன்று கைக்கு வந்தால் முதலில் தோன்றுவது அதைத் துலக்க வேண்டும் என்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர், விபூதி, பீதாம்பரி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு ஒத்துவருவது காசுக்கு ஒத்துவராது. விளக்கில் நமக்குத் தேவை பளபளப்பு. காசில் தேவை எழுத்து. நூறு, இருநூறு ஆண்டில் செம்பின் மேல் படிந்த பழுப்பு அடுக்கில்தான் எழுத்தின் விளிம்பு நிற்கிறது. அமிலம் அந்த அடுக்கைக் கரைத்துவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான, சொரசொரப்பான ஒரு வில்லை, அதில் எழுத்து இருந்த இடத்தில் ஒரு மேடு. கரைந்ததை மீட்க வழியில்லை.

ஆகவே எடை, எழுத்து, களிம்பு (செம்பில் ஏறும் பச்சை), கடைசியாகத் தண்ணீர் என்ற வரிசையிலேயே போங்கள்.

கணக்கு முதலில்

அணா பைசா வாய்பாட்டோடு கட்ச் காசை அணுகினால் தடுமாற்றம்தான். அங்கே அடிப்படை கோரி என்னும் சிறு வெள்ளிக்காசு. ஒரு கோரிக்கு 24 தோக்டோ அல்லது 48 திராம்பியோ. ஒன்றரை தோக்டோ சேர்ந்தது ஒரு டிங்லோ, அதாவது கோரிக்கு 16 டிங்லோ. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவான கோரிகள். தோக்டோ, திராம்பியோ, டிங்லோ மூன்றும் செம்பு. திராம்பியோ என்ற பெயரிலேயே தாமிரம் ஒலிக்கிறது.

எடையில் திராம்பியோ சுமார் 4 கிராம், தோக்டோ சுமார் 8, டிங்லோ சுமார் 12. ஒன்றுக்கொன்று இவ்வளவு இடைவெளி இருப்பதால், எழுத்தே தெரியாத காசையும் எடையை வைத்து இனம் சொல்லிவிடலாம். தேய்மானத்தால் தோக்டோவில் அரை கிராம் வரை குறைந்திருக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. 6 கிராம் என்று காட்டினால்தான் யோசிக்க வேண்டும். அது விளிம்பு வெட்டப்பட்டதா, உப்பு அரித்ததா, அல்லது வேறு சமஸ்தானத்துக் காசா என்று பாருங்கள். விட்டத்தை நம்பி இனம் பிரிக்க வேண்டாம். கையால் தட்டிய வில்லை ஒன்று தடித்துக் குறுகும், இன்னொன்று மெலிந்து விரியும், எடை மட்டும் அநேகமாக மாறாது. நகைத் தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு பயன்படாது.

அடித்த குறையும் பட்ட காயமும்

செம்பைத் துண்டாக வெட்டி, காய்ச்சி, தட்டி வில்லையாக்கி, கீழச்சு மேல் வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். கட்ச் காசில் காணும் விசித்திரங்களில் பாதிக்குமேல் இந்த ஒரு வாக்கியத்திலேயே விளக்கம் இருக்கிறது. அச்சு பெரியது, வில்லை சிறியது. அதனால் முழு வாசகமும் ஒரே காசில் விழுவது அபூர்வம். அடி சாய்ந்தால் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். வில்லை ஆறிப்போய் இறுகியிருந்தால் விளிம்பில் வெடிப்பு. இரண்டு அடி விழுந்திருந்தால் எழுத்து நிழல்போல இரட்டித்துத் தெரியும். முந்தைய காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டிருக்க அடுத்த வில்லையை அடித்துவிட்டால், ஒரு பக்கம் சரியான எழுத்தும் மறுபக்கம் அதே எழுத்து கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்தும் வரும்.

இவை எல்லாம் அக்கசாலையில் பிறந்த குறைகள், காசின் மதிப்பைக் கெடுப்பவை அல்ல. பின்னால் பட்ட காயம் வேறு விதமாக இருக்கும். அடித்தபோது வந்த வெடிப்பின் உட்புறமும் மேற்பரப்பும் ஒரே பழுப்பு நிறம். மண்வெட்டியோ அரமோ பட்ட இடத்தில் செம்பு சிவந்து மின்னும், சுற்றிலும் பழுப்பு அறுபட்டு நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடும்.

படிப்பது எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும்

நாகரி (இந்தி எழுதும் எழுத்து) உள்ள பக்கத்தில். பாரசீகப் பக்கத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே போகிறார்கள், காரணம் கீழே.

கைப்பேசி விளக்கைக் காசின் பக்கவாட்டில், மேசைக்கு ஏறக்குறைய ஒட்டினாற்போல வையுங்கள். நேர்மேல் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். விளக்கை நகர்த்த வேண்டாம், காசைக் கால்வட்டமாகத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுங்கள். ஒரு கோடு அதற்கு இணையாக வரும் வெளிச்சத்தில் மறைந்து, குறுக்கே வரும் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும் என்பதால் நான்கும் தேவை. பிறகு படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்து, தெரிவதை மட்டும் பென்சிலால் வரையுங்கள். தெரிய வேண்டும் என்று நினைப்பதை வரையாதீர்கள்.

எழுத்துக்கு மேலே ஓடும் கிடைக்கோடு நாகரியின் அடையாளம். அதுதான் காசின் மேல்பக்கம் எது என்பதையும் சொல்கிறது. வாசகத்தின் தொடக்கம் ‘ராவ் ஸ்ரீ’, முடிவு ‘ஜீ’, நடுவில் அரசர் பெயர். இந்தி படிக்கத் தெரியாதவர்கள் கைப்பேசியில் இந்தி விசைப்பலகையைத் திறந்து தேசல், பார்மல், பிராக்மல், ராயதண், லக்பத், கோட், கெங்கார் ஆகிய பெயர்களைப் பெரிதாகத் தட்டச்சு செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அச்சு வெட்டியவர் கை இன்றைய எழுத்துரு மாதிரி இருக்காது, ஆனால் கொம்பும் கொக்கியும் விழும் இடம் பொருந்தும்.

இங்கே ஒரு பொறி உண்டு. காசில் பெயரின் கடைசித் துண்டு மட்டும், ‘மலஜீ’ என்று விழுந்திருக்கும். அது பார்மல்ஜியாகவும் இருக்கலாம், பிராக்மல்ஜியாகவும் இருக்கலாம். மகரத்துக்கு முன்னால் உள்ள எழுத்தின் ஒரு கால் கிடைத்தாலும் போதும். பார்மலில் அது ரகரம், தனித்த ஒரு கொக்கி. பிராக்மலில் அது ககரத்தின் மெல்லொலி, ஒரு சுழியும் அதன் வலப்பக்கம் நேராக இறங்கும் தண்டும். ‘லஜீ’ மட்டும் இருந்தால் தேசல்ஜியும் போட்டிக்கு வந்துவிடுவார்.

எழுத்தோடு திரிசூலம், பிறை, கட்டாரி போன்ற குறிகளும் இருக்கும். திரிசூலத்தைக் கண்டவுடன் ‘கட்ச்’ என்று முடிவுகட்ட வேண்டாம், பெயர்தான் சாட்சி.

978 என்ற ஆண்டை நம்பாதீர்கள்

பாரசீகப் பக்கத்தில் பழைய காசுகள் எல்லாம் குஜராத் சுல்தான் மூன்றாம் முசாஃபர் ஷாவின் பெயரையும் ஹிஜ்ரி 978 என்ற ஆண்டையும் தாங்கியிருக்கும். 978 என்பது கி.பி. 1570–71. முசாஃபரின் ஆட்சி 1573-இல் அக்பரிடம் முடிந்தது. ஆனால் அவர் காசின் வாசகம் மக்களுக்குப் பழகிவிட்டது, பழகிய காசைத்தான் சந்தை வாங்கும். அதனால் கட்ச் ராவ்கள் அதே வாசகத்தை, அதே ஆண்டோடு, தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பாரசீகம் படிக்கத் தெரியாத கை பார்த்துப் பார்த்து வெட்டியதில் எழுத்து மெல்ல வெறும் கோடும் புள்ளியுமாகச் சிதைந்தது. 978 இருப்பதால் காசு அக்பர் காலத்தது என்று விற்கப்பட்டால் நம்பாதீர்கள்.

அந்த எண்ணிலேயே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பாரசீக 7 கீழே குவிந்த கூம்பு, 8 அதையே கவிழ்த்தது. காசைத் தலைகீழாகப் பிடித்தால் 8 ஏழாகிறது, 7 எட்டாகிறது, 9 நம் 6 போலச் சுழிக்கிறது. வரிசையும் திரும்பிவிடுவதால் 978 என்பது 786 என்று கண்ணுக்குப்படும். 786 உள்ள காசு என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், காசைத் திருப்பிப் பிடித்துக் காட்டுங்கள்.

பக்கத்துச் சமஸ்தானங்களான நவநகரும் போர்பந்தரும் இதே முசாஃபர் வாசகத்தைத்தான் நகலெடுத்தன. பாரசீகப் பக்கத்தை மட்டும் பார்த்தால் மூன்றையும் பிரிப்பது கடினம். நாகரிப் பக்கத்தில் ‘ஸ்ரீ ஜாம்ஜீ’ என்றிருந்தால் நவநகர், ‘ஸ்ரீ ராணா’ என்றிருந்தால் போர்பந்தர், ‘ராவ் ஸ்ரீ’ என்று தொடங்கி அரசர் பெயர் வந்தால் கட்ச். நாகரியில் தொடங்கச் சொன்னது இதனால்தான்.

ஒரே பெயர் இரண்டு முறை

பெயரைப் படித்துவிட்டாலும் வேலை முடியவில்லை. கட்ச் அரச வரிசையில் அநேகமாக எல்லாப் பெயரும் மறுபடி வருகிறது. முதல் பார்மல்ஜி 1585 வாக்கில் தொடங்கி 1631 வரை, இரண்டாமவர் 1814–1819. முதல் பிராக்மல்ஜி 1698–1715, இரண்டாமவர் 1860–1875. முதல் தேசல்ஜி 1719–1741, இரண்டாமவர் 1819–1860. ராயதண், கோட் பெயர்களிலும் இரண்டிரண்டு பேர்.

இப்போதுதான் பாரசீகப் பக்கம் உதவிக்கு வருகிறது. இரண்டாம் தேசல்ஜி காலத்தில் அங்கே டெல்லி முகலாயர் பெயர் ஏறியது, முதலில் இரண்டாம் அக்பர் ஷா, பிறகு பகதூர் ஷா. 1857 கிளர்ச்சி அடங்கியபின் அந்த இடத்துக்கு விக்டோரியா அரசியின் பெயர், ‘குயின் விக்டோரியா’ என்றே பாரசீக எழுத்தில் வந்தது. 1877-இல் அவர் பேரரசியாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி, மூன்றாம் கெங்கார்ஜி காசுகளில் ‘கைசர்-இ-ஹிந்த்’ சேர்ந்தது. ஆக, பிராக்மல் என்ற பெயருக்கு எதிர்ப்பக்கம் விக்டோரியா இருந்தால் இரண்டாமவர், 978 இருந்தால் முதலாமவர். ‘ஜர்ப்’ என்ற பாரசீகச் சொல்லுக்கு ‘அடிக்கப்பட்டது’ என்று பொருள். அதற்கு அடுத்து வருவது ஊர்ப்பெயர், இங்கே புஜ்.

பார்மல்ஜியில் மட்டும் அவசரம் வேண்டாம். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி இருந்தும், பாதி வாசகம் விழுந்த தேய்ந்த திராம்பியோவை வைத்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஊகம்தான். ‘பார்மல்ஜி, முதலாமவர் அல்லது இரண்டாமவர்’ என்று சீட்டில் எழுதி வையுங்கள். தவறாக உறுதி சொன்ன சீட்டு அடுத்த உரிமையாளரையும் ஏமாற்றும்.

விக்டோரியா காலக் காசில் இரண்டு ஆண்டு இருக்கும். பாரசீகப் பக்கத்தில் கி.பி. ஆண்டு பாரசீக எண்ணில், நாகரிப் பக்கத்தில் விக்கிரம ஆண்டு நாகரி எண்ணில். கட்ச் மக்களுக்கு ஆண்டு பிறப்பது ஆஷாட மாதத்து வளர்பிறை இரண்டாம் நாள், அதாவது ஜூன், ஜூலை வாக்கில். அதனால் இரண்டு ஆண்டுக்கும் வித்தியாசம் 57 அல்லது 56 வர வேண்டும். 1865-க்கு 1922 பொருந்தும், 1866-க்கும் 1922 பொருந்தும். வேறு விடை வந்தால் ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். மறுபடி பார்த்தும் வித்தியாசம் நிற்கிறது என்றால் இருவேறு ஆண்டு அச்சுகள் ஜோடி மாறி அடித்ததா, போலியா என்று ஆராயலாம். விக்கிரம ஆண்டில் முதல் இரண்டு எண் அழிந்திருந்தால் பரவாயில்லை, விக்டோரியா பெயர் இருக்கும் வரை அது 19 தான்.

ஒரு தோக்டோ, லென்ஸுக்குக் கீழே

இப்படி ஒரு காசு என்று வைத்துக்கொள்வோம். எடை 7.83 கிராம், ஆகவே தோக்டோ. ஒரு ஓரம் நேராக வெட்டியதுபோல் இருக்கிறது, வெட்டும் பழுப்பாகவே இருப்பதால் அது வில்லை வெட்டியபோது வந்தது. மேலே கிடைக்கோடு, அதிலிருந்து தொங்கும் மூன்று எழுத்து. கடைசி எழுத்தின் வலப்பக்கத் தண்டு விளிம்புக்கு வெளியே போய்விட்டது. இருக்கும் வளைவு ‘ஜீ’ வளைவு. அதற்கு முன் லகரம், அதற்கும் முன் சகரத்தின் பாதி. சகரம் வந்ததால் பார்மலும் பிராக்மலும் விலகினார்கள், இவர் தேசல்ஜி. திருப்பினால் நடுவில் வழுவழுப்பு. அடி சாய்ந்ததால் அங்கே உலோகம் அச்சுக்குள் ஏறவில்லை, தேய்ந்து போனதாக எண்ண வேண்டாம். ஓரத்தில் ‘பகதூர்’ என்பதன் முதல் பாதி. பகதூர் ஷா 1837-இல் பட்டமேறியவர். ஆக, இரண்டாம் தேசல்ஜி, 1837-க்குப் பின். ஆண்டு எண் விழாத காசுக்கே இவ்வளவு சொல்ல முடிகிறது.

போலி

செப்புக்காசு மலிவு என்பதால் போலி குறைவாக இருக்கும் என்று அசட்டையாக விடக்கூடாது. வார்த்து எடுத்த போலியில் எழுத்தின் தோள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைத் துளைகள், விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். கையால் அடித்த இரண்டு காசு ஒரே இடத்தில் வெடித்து, ஒரே அளவு நடுவிலகி இருக்கவே முடியாது. அப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் குறைந்தது ஒன்றாவது வார்ப்பு.

பித்தளையா என்று பார்க்கத் தண்ணீர் போதும். தராசில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. மேலே சொன்ன 7.83 கிராம் காசுக்கு 0.88 வந்தால், வகுத்த விடை 8.9. செம்பின் அடர்த்தி அதுதான். பித்தளை 8.4, 8.5 பக்கம் நிற்கும். காசின் மேல் ஒட்டிய காற்றுக்குமிழ் விடையைக் குறைத்துவிடும் என்பதால் மூழ்கியதும் ஒரு தட்டு தட்டுங்கள். திராம்பியோவில் 0.01 பிழையே விடையை இரண்டு சதவீதம் நகர்த்தும், ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. களிம்பு தடித்த காசிலும் விடை தாழும்.

பச்சையைப் பூசிப் பழையதாக்கியிருந்தால், தூய அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சி பச்சையாகும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது வேண்டாம்.

எந்தப் பச்சை ஆபத்து

கரும்பச்சை, பழுப்புக் கலந்த பச்சை, நகத்தால் சுரண்டினால் வராத பச்சை எல்லாம் காசுக்குக் கவசம், விட்டுவிடலாம். வெளிர்பச்சையாக, மாவு போல, புள்ளி புள்ளியாக உதிர்வதுதான் நோய். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்புக்குள் புகுந்திருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அது அமிலமாகி மேலும் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். கடலும் ‘ரண்’ என்னும் உப்புச் சமவெளியும் சூழ்ந்த கட்ச் மண்ணில் கிடந்த காசென்றால் இதை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும்.

ஐயம் இருந்தால் தூளை மூங்கில் பல்குச்சியால் எடுத்துவிட்டு, மூடிய டப்பாவில் நனைத்த பஞ்சோடு, பஞ்சு படாமல், இரண்டு நாள் வையுங்கள். அதே இடத்தில் புதுத் தூள் முளைத்தால் நோய் உறுதி. உடனே மற்றக் காசுகளிலிருந்து பிரித்துவிடுங்கள்.

நோயில்லாத காசுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஒரு நாள் ஊறவைத்து, நீரை மாற்றி, ஒரு வாரம் வரை. இளகிய மண்ணை லென்ஸின் கீழ் பல்குச்சியால் எடுக்கலாம். ஊசியும் கம்பித் தூரிகையும் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதுவும் கூடாது.

நோயுள்ள காசுக்கு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நீரற்ற வாஷிங் சோடா 12 கிராம், சமையல் சோடா 9 கிராம். படிகமாகக் கிடைக்கும் வாஷிங் சோடா என்றால் அதில் பாதிக்குமேல் தண்ணீர், அதனால் 32 கிராம் வேண்டும். வாரம் ஒரு முறை கரைசலை மாற்றி, பல வாரங்கள் ஊற வேண்டும். நிறம் கொஞ்சம் மாறக்கூடும், காசு அழிவதைவிட அது மேல். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு வாரம், தினமும் மாற்றி. அசிட்டோனில் ஒரு முக்கு முக்கிக் காற்றில் உலரவிட்டால் வெடிப்புக்குள் ஈரம் நிற்காது. அசிட்டோன் பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக்கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும். உலர்ந்தபின் மறுபடி இரண்டு நாள் ஈர டப்பாச் சோதனை.

வைத்துக்கொள்வது

மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. நாளாக அதிலிருந்து கசியும் அமிலம் காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். மைலர் (பாலியெஸ்டர் தாள்) சன்னல் வைத்த அட்டைச் சட்டமோ அமிலமற்ற காகித உறையோ வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் வைத்து, அதன் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். காசை விளிம்பில் பிடியுங்கள், விரல் வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது.

சீட்டில் எடை, விட்டம், வில்லைத் தடிப்பு, தெரியும் எழுத்து, ஊகித்த எழுத்து அடைப்புக்குறிக்குள், வாங்கிய நாள், வாங்கிய இடம், செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, புஜ் நகரில் 1877-இல் தொடங்கிய கட்ச் அருங்காட்சியகத்தில் கோரி உள்ளிட்ட காசுகள் காட்சியில் உள்ளன.

வாங்குமுன் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் ஒரு திராம்பியோ போடுவதும் இதில் அடங்கும். மண்ணுக்குள் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘வயலில் கிடைத்த குவியல்’ என்று யாராவது மொத்தமாக நீட்டினால், எடை போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியது அந்தத் தகவல் கொடுத்தாயிற்றா என்பதை.